விழுந்த பொருள்

விழுந்த பொருள்: ஸ்பானர், பத்தொன்பது மில்லிமீட்டர்.
விழுந்த உயரம்: பதினொரு மீட்டர்.
நேரம்: மாலை நான்கு இருபது,
ரியேக்காத் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதி முடித்த கையோடு.
இதுவரை எழுதிவிட்டேன்.

அடுத்த கட்டம்
விழவிட்டவர் பெயர் கேட்கிறது.

நாடகத் துறைக்கு இந்தப் படிவத்தை
ஆறு வருடம் முன்பு வரைந்து கொடுத்தவள் நான்.
மூன்றாவது கோடு சற்றே கோணல்,
அதுவும் நான்தான்.
கருவியை மணிக்கட்டில் கட்டாமல் ஏறாதே என்று
ஏணியில் ஒட்டிய மஞ்சள் தாளில் இருப்பது
என் கையெழுத்து.
போன மாதம் கட்டாமல் ஏறிய யாகோவை
பாதி ஏணியிலிருந்து இறக்கி
மூன்று நாள் கறுப்புத் திரைகளை மடிக்கவைத்தேன்.

இன்று காற்று.
பூரா என்று இங்கே பெயர்,
மலையிலிருந்து இறங்கும் வாடை.
கூரைத் தகட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
மேலே நடைபாலத்தில் ஒரு விளக்கு
இல்லை இல்லை என்று தலையாட்டியது.
ஒரு போல்ட், ஒரு நிமிட வேலை.
கயிறு கீழே மேசைமேல்.
இறங்கி ஏற நாற்பத்தெட்டுப் படி.

காரணம்:
வியர்வை என்று எழுதலாம். காற்று என்றும்.
உண்மையில் நான்
வாங்க மறந்த பேட்டரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒலிவாங்கிகளுக்கு, நாற்பது.

விழும்போது இரும்பு சத்தம் போடுவதில்லை.
அந்த மௌனத்தின் நீளத்துக்குப்
படிவத்தில் இடம் விடவில்லை நான்.
"தலை!" என்று கத்தவேண்டும்,
அதுவும் என் விதி.
என் வாயில் வந்தது
என் நாயின் பெயர்.

கீழே இருந்தவர்கள்: யாருமில்லை.

யாருமில்லை, சரி.
ஒரு நிமிடம் முன்னால் ஓர்ஷோலா நின்றிருந்தாள்,
இரண்டாம் ஆண்டு, நாடகத்தில் அரசி.
அட்டைக் கிரீடம் நெற்றியை அறுக்கிறதென்று
உள்ளே பஞ்சு ஒட்டப் போயிருந்தாள்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள்.
இங்கே தலைப்பாகைதான்
தலையை அழைத்துக்கொண்டு போயிருக்கிறது.

சேதம்: மேடைப் பலகையில் ஒரு குழி,
பிறை வடிவம், கட்டைவிரல் அகலம்.
இயக்கும் மாணவன் ட்வர்ட்கோ
டார்ச்சோடு குனிந்தான்.
திட்டுவான் என்றிருந்தேன்.
"இதை அடைத்துவிடாதீர்கள்" என்றான்.
"டேப் ஒட்டினால் இருட்டில் தெரியவில்லை.
அவளுக்குக் காலால் தேடி நிற்க
ஓரிடம் வேண்டியிருந்தது."

அவள் வந்தாள், பஞ்சு வைத்த கிரீடத்தோடு.
வெறும் பாதத்தால் தடவிக் குழியைக் கண்டாள்.
விளக்குக் குறிப்பு நாற்பத்திரண்டு
அப்படியே முகத்தில் வந்து உட்கார்ந்தது.
"அட, நல்லாயிருக்கே, யார் செய்தது?"

ஹெட்செட்டில் ஏழு பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள்.
அத்தனை காதுகளும் எனக்குக் கேட்டன.

இடைவேளையில் சொன்னேன்.
நான், ஸ்பானர், கயிறு இல்லை, நீ நின்ற இடம்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நடைபாலத்தை அண்ணாந்து பார்த்தாள்,
விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவள்போல்.
பிறகு தேநீரை முழுவதும் குடித்தாள்.

இரண்டாம் பாதியில்
குழிக்கு ஓரடி இடதுபுறம் நின்றாள்.
அரைமுகம் இருட்டு.
ட்வர்ட்கோ வாயைத் திறந்தான்.
நான் கையைக் காட்டினேன், மூடிக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகு ஏறினேன்.
மணிக்கட்டில் கயிறு, இரட்டை முடிச்சு.
யாகோவ் கேட்காமலே வந்து
ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டான்.
அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.
இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

விழவிட்டவர்: நெவெங்கா பிராய்டிச்.
படிவத்தைப் பெறுபவர்: தொழில்நுட்ப மேலாளர்,
நெவெங்கா பிராய்டிச்.
திங்கள் முதல் மூன்று நாள் திரை மடிப்பு,
அதே நெவெங்கா பிராய்டிச்.

எடுத்த நடவடிக்கை:
விளக்கு ஓரடி இடதுபுறம் நகர்த்தப்பட்டது.